கைக்குள் முத்தில்லை என்று காட்டிய அப்போதிக்கரி பஸ்ரியன்

தலைமை தாங்கும் பெரியவர் அவர்களே, மேடையில் என் வலப்பக்கம் இருக்கும் சுவாமி அவர்களே, இடப்பக்கம் இருக்கும் லெப்பை அவர்களே, கதிரை கிடைத்தவர்களே, கிடைக்காமல் யன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களே, முன்வரிசையில் கறுப்புச் சேலையோடு இருக்கும், அப்போதிக்கரி ஐயாவின் துணைவி றஞ்சிதம் அம்மா அவர்களே, உங்கள் எல்லாருக்கும் என் சலாமும் தோத்திரமும்.

என்னை உங்களுக்குத் தெரியும். எருக்கலம்பிட்டிச் சரிபுதீன். மன்னார்த் தீவில் பாதிப் பேர் என்னை மாமா என்று கூப்பிடுவார்கள். மற்றப் பாதிப் பேரும் கூப்பிடுவார்கள், கொஞ்ச நாள் செல்லும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் எஞ்சின் என்றால் சத்தத்தைக் கேட்டே நோவைச் சொல்வேன். எனக்கு முன் பேசிய கந்தோர் உத்தியோகத்தர்கள் நம்முடைய பெருமதிப்புக்குரிய அப்போதிக்கரி சூசை பஸ்ரியன் ஐயா எந்த வருடம் சோதனை பாஸ் பண்ணினார், எந்தெந்த ஊரில் கடமை பார்த்தார் என்று வரிசையாகச் சொன்னார்கள். எல்லாம் சரி. ஆனால் கொண்டச்சிக் கரையில் அன்றைக்கு அவருக்கு எஞ்சின் சுற்றியவன் யார்? நான். அதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னே கொண்டச்சிப் பக்கம் முத்துக்குளிப்பு நடந்தது. மணலில் ஓலைக்கொட்டில் போட்டு இருபதினாயிரம் சனம். முப்பதினாயிரம் என்றும் சொல்லலாம், என்னைப்போல எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு. அந்த முகாமில் ஐயாதான் மருந்துக்காரர். அங்கே ஒரு வெள்ளைக்காரத் துரை, சிப்பியைத் திறக்காமலே உள்ளே முத்து இருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்றேப் பெட்டி ஒன்றும் அதற்கு மின்சாரம் கொடுக்க ஒரு எஞ்சினும் கொண்டுவந்தார், எஞ்சினுக்கு ஆள் நான். பத்து நாளில் துரைக்குக் காய்ச்சல். துரை கப்பலேறிவிட்டார், பெட்டி மருந்துக் கொட்டிலில் கிடந்தது. ஐயா துரைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தே அந்த வித்தையைப் பிடித்திருந்தார். தன் கையைத் தானே படம் எடுத்து எனக்குக் காட்டினார். நான் பயப்படவில்லை. கொஞ்சம் தள்ளி நின்றேன், அவ்வளவுதான்.

சிப்பி கழுவுகிற முறை உங்களில் இளையவர்களுக்குத் தெரியாமலிருக்கும். அழுகின சிப்பியைப் பழைய தோணியில் கொட்டித் தண்ணீர் விட்டு, இரண்டு பக்கமும் ஆட்கள் குந்தியிருந்து அலசுவார்கள். சிப்பியின் சொந்தக்காரன் தலைமாட்டில் நின்று பார்ப்பான். அலசுகிறவன் கையைத் தண்ணீரை விட்டு எடுக்கக் கூடாது. எடுத்தாலும் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோகவே கூடாது. கொண்டுபோனால் முத்தை விழுங்கினான் என்றே கணக்கு. அதற்கு விசாரணை இல்லை, ஆமணக்கெண்ணெய்தான்.

என் தங்கை றாபியாவின் புருசன் காமில். சுழியோடியாகப் பேர் எடுத்தவன். அந்த வருடம் கைமூட்டு வீங்கிக் கடலில் இறங்க முடியாமல், ஜவாஹிர் முதலாளியின் தோணியில் சிப்பி அலசப் போனான். மூன்றாம் நாள் காலை, அந்த உப்புத் தண்ணீரில் வலதுகைச் சுட்டுவிரலில் வீங்கியிருந்த மொளி நெருப்பாக எரிந்திருக்கிறது. பொறுக்க முடியாமல் என்ன செய்தான்? கையைத் தூக்கி வாயால் ஊதினான்.

ஊதினான் சபையோரே. அவ்வளவுதான் செய்தான்.

ஜவாஹிர் முதலாளி அந்தக் காலையில் ஒரு பெரிய முத்து தண்ணீருக்குள் மின்னினதைக் கண்டாராம். மறுபடி பார்க்க அது இல்லையாம். காமிலைப் பிடித்து வாயைப் பார்த்தார்கள். எண்ணெய் பருக்கினார்கள். ஒன்றும் இல்லை. பிறகுதான் அந்த மொளியைப் பார்த்தார்கள். நெல்லிக்காய் அளவு கட்டி, அதில் ஒரு வெடிப்பு, வெடிப்பிலிருந்து வெள்ளையாய்ச் சுண்ணாம்புக் குறுணிபோல் ஏதோ கசிகிறது.

"தோலைக் கீறி முத்தை உள்ளுக்கு வைச்சிருக்கிறான். இந்தா, முத்து உரஞ்சின தூள்" என்றார் முதலாளி. "ஒஸ்தாவைக் கூப்பிடுங்கோ. வெட்டி எடுப்பம்."

முகாமில் முடி வெட்டுகிற ஒஸ்தா சவரக்கத்தியைத் தீட்டத் தொடங்கினான். நான் குறுக்கே பாய்ந்தேன். ஆறு பேரைத் தள்ளினேன், ஏழாவது ஆள் என்னைத் தள்ளினான். றாபியா மட்டும் மருந்துக் கொட்டிலுக்கு ஓடினாள்.

ஐயா வந்தார். ஒஸ்தாவின் கத்திக்கும் காமிலின் கைக்கும் நடுவே தன் தொப்பியை வைத்தார்.

"முதலாளி, இது முத்தில்லை. இரத்தத்தில மிஞ்சின ஒரு உப்பு, உப்பளத்தில பூக்கிற மாதிரி மூட்டுக்குள்ள பளிங்காய்ப் பூத்திருக்கு. கவுட் எண்டு சொல்லுவினம். இந்த அழுகல் நாத்தத்துக்குள்ள, இந்த ஈ இலையான் கூட்டத்துக்குள்ள மூட்டை வெட்டினால் கை அழுகும். கை போகும், ஆளும் போகும்."

"ஐயா நல்லாப் பேசுறீங்கள். என்ர முத்து எங்க?"

"பின்னேரம் அஸர் தொழுகை வரைக்கும் தாங்கோ. கையை வெட்டாமல் உள்ளுக்குப் பாத்துக் காட்டுறன்."

"காட்டாட்டி?"

"காட்டாட்டி ஒஸ்தா இருக்கிறான், கத்தியும் இருக்குது."

இப்படி ஒரு வாக்கை யார் கொடுப்பார்? படம் விழுகிற கண்ணாடித் தட்டு இரண்டுதான் மிச்சம் என்பது அப்போது ஐயாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். றாபியா ஐயாவின் காலடியில் மணலில் குந்திவிட்டாள். "ஐயா, அந்தக் கை போனா எங்கட அடுப்பில பூனைதான் படுக்கும்" என்றாள். ஐயா என் பக்கம் திரும்பினார். "சரிபுதீன், எஞ்சினைச் சுத்து" என்றார்.

சுற்றினேன். முதலாம் சுற்றில் பிடிக்கவில்லை. இருபதாம் சுற்றிலும் பிடிக்கவில்லை. வெளியே சனம் ஊளையிடுகிறது. அந்த எஞ்சினோடு நான் பேசின பேச்சைச் சுவாமியும் லெப்பையும் இருக்கிற இடத்தில் சொல்ல முடியாது. பிடித்தது. ஐயா காமிலின் கையைத் தட்டின்மேல் விரித்து வைத்து, அறுபது எண்ணும்வரை ஆடாதே என்றார். நோவில் துடிக்கிற கை ஆடாமல் இருக்குமா? இருபத்தைந்தில் ஆடியது. கொட்டிலின் பின்பக்கம் மூன்று பாயைப் போர்த்தி இருட்டாக்கின மூலையில் ஐயா தட்டைக் கழுவிக்கொண்டு வந்தார். ஒரே புகை. விரல் எது, எலும்பு எது என்று தெரியவில்லை.

ஒரு தட்டு முடிந்தது. இனி ஒன்றுதான்.

அப்போது ஐயா இரண்டு காரியம் செய்தார். முதற் காரியம், முதலாளியிடம் போய் ஒரு முத்து கேட்டார். காமிலின் கைக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்க.

"என்ர முத்தை உங்கட பேய்ப்பெட்டிக்குள்ள வைக்கவோ? அந்த ஒளி பட்டு முத்துக் கறுத்துப்போனால்?"

"முத்து எப்பிடித் தெரியுமெண்டு ஒரு முத்தைக் காட்டினால்தானே முதலாளி, கைக்குள்ள இருக்கிறது முத்தோ இல்லையோ எண்டு நீங்களே சொல்லலாம். சாட்சியைக் கூட்டில ஏத்தாமல் என்ன வழக்கு?"

முதலாளி யோசித்து யோசித்து, மடியிலிருந்து உள்ளதிலேயே சின்ன முத்தாகப் பார்த்துக் கொடுத்தார்.

இரண்டாவது காரியம், தன் இடது கையை எடுத்துக் காமிலின் கைக்குப் பக்கத்தில் தட்டில் வைத்து, கட்டைவிரலால் அவன் விரல்களை அமத்திப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீ என்ர கையைப் பார், உன்ர கையைப் பாராதை" என்றார். நான் எண்ணினேன். அறுபது வரைக்கும் எண்ணினேன். நாற்பதில் எஞ்சின் ஒருமுறை இருமியது. என் வாழ்க்கையில் அப்படி நான் படைத்தவனைக் கூப்பிட்டதில்லை.

தட்டு ஈரத்தோடு வெளியே வந்தது. ஐயா அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். முதலாளி அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். சாட்சிக்கு வைத்த முத்து, வெளிச்சம் ஊடுருவும் துளைபோல் வட்டமாய் நின்றது. மொளியில் வட்டம் எதுவும் இல்லை. கட்டி இருந்த இடத்தில் மெல்லிய முகில் மாதிரி ஒன்று. அதற்குக் கீழே எலும்பின் ஓரம், எலி கடித்த பனங்கிழங்குபோல் குழிந்திருந்தது. "அந்த உப்பு இந்தப் படத்தில அவ்வளவாய்த் தெரியாது முதலாளி. அது எலும்பை அரிச்ச குழிதான் தெரியும். முத்தெண்டால் உங்கட முத்து மாதிரி நிக்கும்" என்றார் ஐயா.

சனம் மூச்சு விட்டது. நானும் விட்டேன். அவசரப்பட்டுவிட்டோம்.

"இது என்ன?" என்றார் முதலாளி. காமிலின் கட்டைவிரல் அடியில், உருண்டையாய், சின்னதாய், வெளிச்சமாய் ஒன்று. அச்சொட்டாக ஒரு முத்து. "அங்க இருந்து இங்க தள்ளியிருக்கிறான். ஒஸ்தா, வா இஞ்ச."

என் வாய் அடைத்துப்போனது. இதை நம்பமாட்டீர்கள், ஆனால் அடைத்தது. றாபியா கண்ணை மூடினாள். காமிலே தன் கையைச் சந்தேகமாய்ப் பார்த்தான். ஒஸ்தா கிட்ட வந்துவிட்டான்.

ஐயா தட்டைக் கீழே இறக்கவில்லை. ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு விரலை மெல்ல நகர்த்தி, அதே தட்டில் பக்கத்தில் விழுந்திருந்த தன் கையின் படத்தைக் காட்டினார். அவருடைய கட்டைவிரல் அடியிலும் அதே இடத்தில் அதே உருண்டை.

"முதலாளி, எனக்கும் இருக்குது. நானும் களவெடுத்தனானோ? இது ஆண்டவர் வைச்ச எலும்பு. உங்கட கையிலயும் இருக்கும். வாங்கோ, வெட்டிப் பாப்பம்."

ஜவாஹிர் முதலாளி தன் கட்டைவிரலை மற்றக் கையால் பொத்திக்கொண்டார். சனம் சிரித்த சிரிப்பு இராமேசுவரத்துக்குக் கேட்டிருக்கும். ஒஸ்தா கத்தியை மடித்தான். அந்தப் பெரிய முத்து கடைசிவரை கிடைக்கவில்லை. இருந்ததோ என்பதுகூட எனக்குத் தெரியாது. கை இருந்தது. ஐயா கொடுத்த கசப்பு மருந்தில் மூன்று நாளில் வீக்கம் வற்றியது. காமில் அடுத்த மாதம் வலை இழுத்தான்.

இவர் அல்லவா அப்போதிக்கரி? இவர் அல்லவா மனுசன்? துரையின் பெட்டி பிறகு இங்கே டிஸ்பென்சரிக்கு வந்தது. வெள்ளாங்குளத்திலிருந்தும் வண்டில் கட்டி வந்தார்கள், வீங்கின மூட்டோடு. வாதம் எது, சீழ் எது, உப்புப் பூத்தது எது என்று தட்டைப் பார்த்துச் சொன்னார். வெட்டவேண்டாத எத்தனை கால், எத்தனை விரல்! ஒவ்வொரு முறையும் நோயாளியின் கையைத் தன் இடது கையாலேயே அமத்திப் பிடித்தார்.

நான் சொன்னேன்: "ஐயா, பிடிக்கிறதுக்கு ஒரு மரக்கட்டை செய்து தாறன்." அவர் சொன்னார்: "நோவுள்ளவன் கட்டையை நம்பமாட்டான் சரிபுதீன்."

அந்த ஒளி எலும்பைக் காட்டும், காட்டுகிறவனின் தசையைத் தின்னும் என்று நமக்கு யார் சொன்னார்கள்? தோல் வெடித்தது. தேங்காயெண்ணெய் பூசினார். ஒரு விரல் எடுத்தார்கள். பிறகு இரண்டு. பிறகு மணிக்கட்டோடு. போன வெள்ளிக்கிழமை அக்குளில் வந்த கட்டி அவரையே எடுத்தது. இந்த வார்த்தையில் நான் ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை.

சபையோரே, அழுதது போதும். வருகிற திங்கட்கிழமை அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கப் போகிறவள் நம்முடைய தாதி கிறேஸ். மகள், ஒருக்கால் எழும்பி நில்லு. கையைக் காட்டு. பாருங்கோ, பத்து விரல்.

ஈயத்தை அந்த ஒளி தாண்டாதாம். ஐயாவே கடைசிக் காலத்தில் படித்துச் சொன்னது. நம்மிடம் ஈயத்துக்கா பஞ்சம்? வலை உள்ள வீடெல்லாம் ஈயக்குண்டு இருக்கிறது. உருக்கித் தகடு அடிப்போம். அவள் நிற்க ஒரு மறைப்பு, கைக்கு ஒரு உறை, நோயாளியின் கையை அமத்த மணல் மூட்டை. நோவுள்ளவன் நம்பாவிட்டால் நான் பக்கத்தில் நின்று, நம்பும்வரை பேசுவேன். பேச எனக்குத் தெரியும். பெட்டி நிற்காது. இனி அதற்கு ஒரு கையும் போகாது. இது நான் றஞ்சிதம் அம்மாவுக்கு முன்னே தருகிற சத்தியம்.

வாசலில் சாக்கு வைத்திருக்கிறேன். இன்று காலை என் வலையில் அறுத்த குண்டுகள் அடியில் கிடக்கின்றன, நாற்பத்திரண்டு. காமில், நீ முதலில் வா. மற்றவர்கள் வீட்டுக்குப் போய்க் கொண்டுவாருங்கோ. திங்கட்கிழமைக்கு நான்கு நாள்தான் இருக்கிறது.