நாலாம் தொட்டி

மாலை நாலே முக்கால் மணி. தென்னாப்பிரிக்காவின் துல்பாக் ஊரிலிருந்து மலையடிவாரத் தோட்டங்களுக்குப் போகும் சரளைக்கல் சாலை. அங்கே ஆகஸ்டுதான் குளிர்காலம்... இருபுறமும் இலையுதிர்ந்த திராட்சைக் கொடிகள். முன்னும் பின்னும் வேறு வண்டி இல்லை.

நம் கார்னீலியஸின் மாமனார் யோஹானஸ் ஃபிலாண்டருக்கு நேர்ந்தது இது. மின்சாரம் வர இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும், நெருங்கி உட்காருங்கள். தோட்டத்தின் பெயரை மட்டும் கேட்காதீர்கள்.

அவருக்கும் அவருடைய மனைவி ராஹெலுக்கும் திருமணமாகி நாற்பது ஆண்டுகள் நிறைந்திருந்தன. அதைக் கொண்டாடத் தேவாலயத் தெருவின் வெள்ளை முகப்பு வீடுகளுள் ஒன்றில் இரண்டு நாள் தங்க வந்திருந்தார்கள். இளமையில், வேலையாட்களாக, அவ்வீடுகளுக்குள் பின்கதவு வழியாக மட்டுமே நுழைந்தவர்கள் அவர்கள். இப்போது முன்வாசல் சாவி ராஹெலின் கைப்பையில் இருந்தது. ஒயின் தோட்டத்தையும் பார்த்தே தீர வேண்டும் என்றவர் ராஹெல்தான்.

"முப்பது வருஷமா அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கல நீ. மேஸ்திரியா இருந்த இடத்துல ஒரு நாள் விருந்தாளியா உட்காந்துட்டு வந்தா என்ன?"

"கால் வலிக்குது, ராஹெல்."

"நடந்தா போகப் போற? ஓட்டு."

தோட்டத்தில், ஒயின் நொதிக்கவைத்த, அறை அளவான பழைய சிமெண்டுத் தொட்டிகளின் பக்கச் சுவரை அறுத்து வாசல் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தொட்டிக்குள்ளும் ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், ஒரு மெழுகுவத்தி.

"உங்களுக்கு நாலாம் தொட்டி, மாமா," என்றாள் பரிமாறும் பெண். "காதலர்கள் கேட்டு வாங்குற இடம்."

"இவர் காதலிச்சு நான் இன்னும் பாக்கல," என்று ராஹெல் சிரித்தார்.

யோஹானஸ் வாசலின் மேலிருந்த எண்ணைத் தடவிப் பார்த்தார்.

உள்ளே... புளித்த சாற்றின் மணம். அறுவடை முடிந்து ஐந்து மாதங்களாயின; ஆயினும் அம்மணம் தரையிலிருந்து ஈரமாக எழுந்தது. பிறகு ஓசை. டொக்... டொக்... விரல் முட்டியால் எவரோ சுவரைத் தட்டுவது போல. ராஹெலுக்கு அது கேட்கவில்லை.

யோஹானஸின் கைக்குட்டை கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தார். மூச்சு நின்றது. நிமிர்ந்தார். மூச்சு வந்தது.

அவர் மெழுகுவத்தியை எடுத்து, தம் காலருகே மெல்ல இறக்கினார். கணுக்காலை எட்டியதும் சுடர் சாய்ந்து அணைந்தது. மறுபடி கொளுத்தி ராஹெலின் காலருகே இறக்கினார். தரைவரை நின்று எரிந்தது.

திராட்சைச் சாறு நொதிக்கையில், கண்ணுக்குத் தெரியாத ஆவி ஒன்று தொட்டியின் அடியில் தேங்கும். ஆகவே, தொட்டியைக் கழுவ எவரையும் இறக்குமுன், கயிற்றில் மெழுகுவத்தியைக் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். சுடர் அணையும் இடத்தில் மனிதனும் அணைவான். முப்பது ஆண்டுகளுக்கு முன், அறுவடை நெருக்கடியில், யோஹானஸ் மூன்றாம் தொட்டியை மட்டும் பார்த்திருந்தார்.

"நாலாவது பாத்தாச்சா, மேஸ்திரி?" என்று கேட்டான் தொட்டி கழுவும் ஃப்ரான்ஸ் அடோனிஸ்.

"பாத்தாச்சு. இறங்கு."

ஃப்ரான்ஸ் ஏறி வரவில்லை. குடித்துவிட்டு இறங்கினான் என்று யோஹானஸ் சாட்சி சொன்னார். ஃப்ரான்ஸின் மனைவி கட்ரீனாவையும் இரண்டு குழந்தைகளையும் அந்த வாரமே தோட்டத்து வீட்டிலிருந்து வெளியேற்றினார்கள். அவன் குடிக்கவே மாட்டான் என்று அவள் வாசல்வாசலாகச் சொல்லிக்கொண்டு போனாள்... எவரும் கேட்கவில்லை.

விருந்தாளியாகப் போன அன்று யோஹானஸ் கோப்பையைத் தொடாமலே வீடு திரும்பினார். அந்த ஆவி தொட்டியோடு நிற்கவில்லை. மூன்றாம் நாள், அவருடைய காலடியில் படுத்திருந்த நாய் எழுந்திருக்கவில்லை. அவர் மெழுகுவத்தி வைத்து அளந்தார். கணுக்காலுக்கு மேலே ஒரு சாண். செப்டம்பரில் முழங்கால். கட்டிலில் படுத்தால் மூச்சு நின்றது, நாற்காலியில் உறங்கினார். அக்டோபரில் இடுப்பைத் தாண்டியது. பிறகு... சுவரில் சாய்ந்து, நின்றபடியே உறங்கினார். பாதிரியார் வந்து செபித்தார். மருத்துவர் நுரையீரலில் குறையில்லை என்றார்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சீரெஸ் ஊரில் முதியோர் இல்லத்தில் இருந்த கட்ரீனாவைத் தேடிப் போனார். மன்னிப்புக் கேட்டால் மூச்சு திரும்பும் என்று நம்பினார். அவர் அறிவித்துவிட்டுப் போகவில்லை. ஆயினும் அவள் வாசலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, கையில் தீப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள்.

"கட்ரீனா, நான் பொய் சொன்னேன். ஃப்ரான்ஸ் குடிக்கல. நான் அந்தத் தொட்டியப் பாக்கவே இல்ல."

"தெரியும். கிட்ட வாங்க, மேஸ்திரி."

எழுந்து நின்று ஒரு குச்சியைக் கொளுத்தினாள். அவருடைய முகத்துக்கு நேரே பிடித்து, மெல்ல மெல்லக் கீழே இறக்கினாள். தாடை... கழுத்து... சட்டையின் இரண்டாம் பொத்தானில் சுடர் அணைந்தது.

அவள் அந்தப் பொத்தானின்மேல் விரலை வைத்தாள்.

"ஃப்ரான்ஸ் குள்ளம். அவனுக்குச் சட்டுனு முடிஞ்சுது. நீங்க நல்ல உசரம்."

"நான் என்ன செய்யணும், சொல்லு. எல்லார் முன்னாலயும் சொல்றேன். கோர்ட்டுலயும் சொல்றேன்."

"சொல்லுங்க. நல்லதுதான்." கருகிய குச்சியைத் தீப்பெட்டிக்குள்ளேயே பத்திரமாக வைத்தாள். "ஆனா அடுத்த ஞாயிறும் வாங்க. எது வரைக்கும் ஏறியிருக்குன்னு நான் பாக்கணும்."