இருநூற்றுப் பதினான்காவது அட்டை

எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். ஊரில் எந்தக் கல்யாணம் என்றாலும் வாசல் போர்டு எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது கபீர் தம்பி. இந்த நூலகத்தில் எனக்கு வேலை கிடைத்ததும் அந்தக் கையெழுத்தால்தான், இன்று நீங்கள் என்னிடம் விளக்கம் கேட்பதும் அதனால்தான்.

அட்டைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வந்த நீங்கள், அட்டை இருந்து புத்தகம் இல்லாதவை 213 என்று கண்டுபிடித்திருக்கிறீர்கள். 1984-லிருந்து இங்கே ஒற்றை ஆளாக நூலகர் வேலை பார்க்கும் சீனிச்சாமியாகிய நான் அவற்றை எடைக்குப் போட்டுவிட்டேனா என்று மரியாதை குறையாமல் கேட்டிருக்கிறீர்கள். போடவில்லை. அந்தப் புத்தகங்கள் என்றைக்குமே இருந்ததில்லை. அட்டைகளை மட்டும் நான் எழுதினேன். இன்னொன்று, அவை 213 அல்ல, 214. விட்டுப்போன ஒன்றைக் கடைசியில் சொல்கிறேன்.

ராஜபாளையத்து மில் முதலாளி சுப்புராஜ் தன் தாயார் நினைவாக ஸ்ரீவில்லிபுத்தூரில் வைத்த நூலகம் இது. சொந்த ஊரில் வைக்காமல் ஏன் இங்கே என்று கேட்டதற்கு, அங்கே எல்லாரும் மில்லுக்குப் போய்விடுகிறார்கள், படிக்க யார் இருக்கிறார்கள் என்றாராம். திறப்பு விழா அன்று என்னிடம் ஒன்றுதான் சொன்னார்.

"தெலுங்குலயும் சரி தமிழ்லயும் சரி, இல்லைங்கிற வார்த்தை எங்கம்மா வாயில வந்ததே கிடையாது. இங்கயும் வரப்படாது."

அதை மூன்று வர்ணத்தில் போர்டாக எழுதி வாசலுக்கு மேல் மாட்டினேன். இன்றும் தொங்குகிறது, பார்த்திருப்பீர்கள். மாதம் ஒருமுறை காரில் வந்து, யாருக்காவது இல்லை என்று சொல்லப்பட்டதா என்று வாசகர்களிடம் விசாரிப்பார். சைக்கிள் விட இடமில்லை என்று சொன்ன வாட்ச்மேன் அந்த மாதமே வீட்டுக்குப் போனார்.

இந்த நேரம் பார்த்துத்தான் சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் பேராசிரியர்களுக்கு ஓர் ஆசை வந்தது. யாரைக் கேட்டாலும் 'இலக்கியமும் திரைப்படமும்' என்று ஆய்வுத் தலைப்புக் கொடுத்தார்கள். எதைப் படித்து எழுதுவது என்று மட்டும் சொல்லவில்லை. பிள்ளைகள் பஸ் பிடித்து இங்கே வந்தார்கள். என்னிடம் இருந்ததோ விவசாயம், ஆன்மிகம், முதலாளியின் நண்பர்கள் எழுதிய சுயசரிதைகள். சினிமா என்றால் பாட்டுப் புத்தகம் ஒரு கட்டு. அதிலும் பாதியில் எண்ணெய்க் கறை.

முதலில் வந்தவன் கிருஷ்ணன்கோவில் பக்கத்துப் பையன். நாவலையும் படத்தையும் ஒப்பிட்ட புத்தகம் ஏதாவது உண்டா என்றான். போர்டு என் தலைக்கு மேல் இருந்தது. "இருக்கு, சிவகாசிக்கு பைண்டிங் போயிருக்கு" என்றேன். நம் பக்கத்தில் இதை யாரும் சந்தேகப்படுவதில்லை. காலண்டர் சீசன் தொடங்கிவிட்டால் சிவகாசியில் பிரம்மாவே போய்க் கேட்டாலும் ஆறு மாதம் ஆகும். அவன் தலையாட்டிவிட்டு, ஆசிரியர் பேராவது சொல்லுங்க, குறிச்சுக்கிறேன் என்றான். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும் ஒரு பையனை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை. சொன்னேன். சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று அன்று சாயங்காலமே அட்டை எழுதிப் பெட்டியில் செருகினேன்.

அப்புறம்தான் ஒன்று புரிந்தது. அவர்களுக்குப் புத்தகம் வேண்டாம். ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்துப் பட்டியலில் போட ஒரு பெயர் வேண்டும். மேற்கோளாக இரண்டு வரி கிடைத்தால் இன்னும் சந்தோஷம். நான் படித்த ஞாபகத்திலிருந்து சொல்வதாகச் சொல்லி அதையும் கொடுத்தேன். ஒருமுறை அவசரத்தில் வாசலில் கிடந்த ஆலங்குளம் சிமெண்ட் மூட்டையைப் பார்த்து 'ஆலங்குளத்தான்' என்று ஓர் ஆசிரியரை உண்டாக்கினேன். அவர் வரிசையாக ஆறு புத்தகம் எழுதினார். கொஞ்சம் வறண்ட நடைதான், ஆனால் பேராசிரியர்களுக்குப் பிடித்திருந்தது. மதுரையிலிருந்துகூட ஆள் வர ஆரம்பித்தது. முதலாளி என் தோளைத் தட்டினார்.

1990-ல் பரிபூரணம் வந்தாள். கான்சாபுரத்துப் பெண். ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். அடுத்த ஜூனுக்குள் எம்.ஃபில். முடித்தால் வேலை நிரந்தரம், முடிக்காவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு. சனிக்கிழமை தோறும் முதல் பஸ்ஸில் வந்து, சுற்றாத ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, டிபன் டப்பாவைத் திறக்க மறந்து எழுதிக்கொண்டிருப்பாள். மற்றவர்களைப் போல் பெயரோடு போகிறவள் இல்லை.

"பேரு மட்டும் போதாது அண்ணாச்சி. புத்தகத்த நான் கண்ணால பாக்கணும். எப்ப வரும்?"

"காலண்டர் சீசன் முடியட்டும் தாயி."

அவளுக்கு என்று நான் மெனக்கெட்டேன். கொட்டகையில் படம் பார்த்த பெண்களைப் பற்றி அவள் எழுதிக்கொண்டிருந்தாள். எனவே சுடலையம்மாளை உண்டாக்கினேன். வத்திராயிருப்புப் பள்ளிக்கூடத்து ஆசிரியை; டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து, படித்த கதைகளையும் பார்த்த படங்களையும் பற்றிக் குறிப்பு எழுதியவள். 'மணலில் உட்கார்ந்து பார்த்தவை', 1957. அதில் ஒரு வரி: 'புத்தகத்தைப் படித்து அழுகிறவள் தனியாக அழுகிறாள், கொட்டகையில் அழுகிறவளுக்கு முந்நூறு பேர் துணை.' நான் சொன்னதிலேயே நல்ல வரி இதுதான். அட்டையையும் நிதானமாக, பெரிய நிப்பில் எழுதினேன்.

ஜூன் நெருங்கியதால், புத்தகம் வருவதற்குள் நான் சொன்னதை வைத்தே பரிபூரணம் எழுதினாள். ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் முழுக்க சுடலையம்மாள் ஆகிவிட்டாள். அந்த அம்மாளின் வீட்டைத் தேடிப் பரிபூரணம் வத்திராயிருப்பில் தெருத் தெருவாக விசாரித்தாள். குடும்பத்தோடு சிலோனுக்குப் போய்விட்டதாகச் சொல்லி நிறுத்தினேன், வெயில் காலம் பாருங்கள். எழுதி முடித்ததும் எனக்கு வாசித்துக் காட்டினாள். சுடலையம்மாளை நினைத்து எனக்கே கண் கலங்கியது. நன்றியுரையில் என் பெயர் முதலில் இருந்தது.

வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்த வரியைப் பாராட்டிவிட்டு, புத்தகத்தைக் காட்டு என்று கேட்டிருக்கிறார். அவள் எங்கள் நூலகத்தின் பெயரைச் சொன்னாள். அவள் ஆய்வுத் துறையிலிருந்து, அந்தப் புத்தகம் உண்டா என்று கேட்டு எனக்குக் கடிதம் வந்தது. நகல் முதலாளிக்கு.

இரண்டு நாள் யோசித்தேன். அதுவரை என் அட்டைகளை வைத்துப் பட்டம் வாங்கியிருந்த நூற்றுச்சொச்சம் பிள்ளைகளை நினைத்தேன். எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேருக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். ஒரே ஒருத்திக்காக உண்மையைச் சொல்லி அத்தனை பேரையும் தெருவில் விட முடியுமா? பொறுப்பு என்று ஒன்று இருக்கிறதே. டிராயரில் அட்டைகளைக் கோத்திருக்கும் கம்பியை உருவி, அந்த ஓர் அட்டையை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் வைத்தேன். பிறகு பதில் எழுதினேன்: 'அப்படியொரு நூல் எங்கள் நூலகத்தில் எக்காலத்திலும் இல்லை.' இந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் இல்லை என்று எழுதியது அந்த ஒருமுறைதான். சினிமாப் புத்தகம் பற்றி நான் கொடுத்த உண்மையான தகவலும் அது ஒன்றுதான்.

அந்தச் சனிக்கிழமை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, இந்த டிராயர்லதான இருந்துச்சு? நானே பாத்து எழுதிக்கிட்டேனே."

"நல்லாப் பாரு தாயி."

'சு' வரிசையைப் பார்த்தாள். பிறகு 'அ'விலிருந்து ஆரம்பித்தாள். நாலாயிரம் அட்டை. சாயங்காலம் வரை நின்றுகொண்டே பார்த்தாள். நான் டீ வாங்கி வைத்தேன், ஆடை கட்டிக் கிடந்தது.

"நீங்கதான அந்த வரியச் சொன்னிய."

"நானா? எம்புட்டுப் பேரு வாராக, எம்புட்டுப் பேசுறோம். நீ ராஜபாளையத்து லைப்ரரிலயும் உக்காருவேல்ல? அங்க பாத்திருப்ப. ரெண்டும் கலந்துபோச்சு ஒனக்கு."

டிராயரைத் தள்ளி மூடினாள். பிறகு குனிந்து, "அப்படியும் இருக்குமோ" என்றாள்.

எந்த ஸ்டாப்பில் ராஜபாளையம் பஸ் நிற்கும் என்று சொன்னேன். மேற்கு வெயில் அடிக்கும், இடது பக்கம் உட்காரு என்றும் சொன்னேன். ஆறு சனிக்கிழமை அவள் ராஜபாளையம் போனதாகக் கேள்வி.

ஆதாரத்தைப் புனைந்தாள் என்று ஆய்வேட்டைத் தள்ளிவிட்டார்கள். வேலை வேறொருவருக்குப் போயிற்று. கல்லூரியில் அவளுக்குச் 'சுடலை' என்று பட்டப்பெயர். இப்போது கிருஷ்ணன்கோவிலில் ஓர் எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பஸ்ஸில் போகும்போது பார்ப்பேன். இறங்கியதில்லை. அதற்குப் பிறகும் அறுபது அட்டை எழுதினேன் தம்பி. நிறுத்தியிருக்கலாம்தான். ஆனால் பிள்ளைகள் கேட்டு வந்தார்கள்.

போன மாதம், நீங்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்னால், அவள் வந்தாள். அண்ணாச்சி என்று கூப்பிடவில்லை.

"கம்ப்யூட்டர்ல ஏத்துறாகளாமே. ஏத்திட்டா ஒண்ணு விடாம எல்லாம் காட்டுமாமே?"

"ஆமா தாயி."

"அப்பப் பொறவு வாரேன்."

அவள் போன பின்பு எனக்கு வேலை ஓடவில்லை. அதனால்தான் நீங்கள் கேட்டதும் ஒன்றையும் மறைக்காமல் எழுதிவிட்டேன். மனசு லேசாக இருக்கிறது. இந்தக் கடிதம் ஆபீஸ் ஃபைலோடு இருக்கட்டும். வெளியே போனால் அந்த 213 அட்டைகளை நம்பிப் பட்டம் வாங்கிய பிள்ளைகளுக்குச் சங்கடம்.

அந்த 214-வது அட்டையை நான் கிழிக்கவில்லை. எட்டு வருஷமாக வீட்டு பீரோவில் பத்திரமாக இருந்தது, இத்துடன் இணைத்திருக்கிறேன். எழுத்து கொஞ்சமும் மங்கவில்லை. அதையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள், அந்தப் பிள்ளைக்கு நான் செய்ய வேண்டியது அதோடு முடிந்தது. அவள் வந்து கேட்டால் மட்டும் தயவுசெய்து இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். பைண்டிங்குக்குப் போயிருக்கிறது என்று சொல்லுங்கள். காத்திருப்பாள்.