இல்லாத வேலைக்கு ஆப்சென்ட்

சங்கரன்கோவில் ஸ்டேஷனில் காலை வண்டிக்காகக் காத்திருந்தேன். பக்கத்துப் பெஞ்சில் மடியில் தூக்குவாளியோடு இருந்த மில் தொழிலாளி, வத்தல் மூட்டைமேல் சாய்ந்திருந்த வியாபாரியிடம் சொன்னதுதான் என் காதை இழுத்தது.

"நேத்து எனக்கு ஆப்சென்ட் போட்டுட்டாவ அண்ணாச்சி."

"ராஜபாளையத்துல உம்ம மில்லு பஞ்சு இல்லாம ஒரு மாசமா நிக்குதுல்லா வே? இல்லாத வேலைக்கு என்ன ஆப்சென்ட்?"

"வேல இல்லாட்டியும் பாதிச் சம்பளம் உண்டு. ஆனா தெனமும் சங்கு ஊதையில வாசல்ல நின்னு கையெழுத்துப் போடணும். போட்டதும் வீட்டுக்குத் திரும்பிரலாம்."

"சும்மா இருக்கதுக்கு ரயிலேறிப் போறீராக்கும்! தூக்குவாளி எதுக்கு?"

"வெறுங்கையோட போனா தெருவுல கேப்பாவல்லா."

"அது சரி. நேத்து எங்கன போனீரு?"

"தென்காசி மரக்கடையில வேல கேட்டுப் போனேன்."

"என்ன சொன்னாவ?"

"மில்லுல இன்னும் பேரு இருக்கான்னு கேட்டாவ. இருக்குன்னேன். 'வேலையில இருக்கவரு இன்னொருத்தன் பொழப்புல மண்ணப் போட வந்தீரா'ன்னு வெரட்டிட்டாவ."