நனைந்ததை உலர்த்தாதே

வாருங்கள் சார், உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆட்டம் கொடுக்கும். இந்த ஸ்டூல் நல்லது. கொஞ்சம் மெதுவாகப் பேசிக்கொள்வோம். திரைக்குப் பின்னால், கண் பரிசோதிக்கிற அறையில் என் மாப்பிள்ளை தூங்குகிறான். மதியம் சாப்பிட்டதும் அந்தச் சாய்வு நாற்காலியில் தலையைப் போடுவான். கேட்கிறதா, அந்தக் குறட்டைதான். பக்கத்துக் கடையில் மரம் அறுக்கிறார்களா என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்வார்கள். எனக்குப் பழகிவிட்டது. அந்தச் சத்தம் இல்லாவிட்டால் கடை வெறிச்சென்று இருக்கிறது.

நீங்கள் கண்ணாடி போட வரவில்லை, விசாரிக்க வந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. மேஜையில் நீங்கள் வைத்த காகிதத் துண்டு எங்கள் கடையுடையதுதான். சுவரில் மாட்டி, எழுத்துகளைப் படிக்கச் சொல்வோமே, அந்த அட்டை. பழசானாலும் தூக்கிப்போட எனக்கு மனசு வராது, நல்ல கெட்டிக் காகிதம். ஓரம் கருகியிருக்கிறது, ஆனாலும் அந்தப் பெரிய எழுத்து அப்படியே தெரிகிறது. சூளைத் திடலில் கிடைத்ததா? எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன்.

சொல்கிறேன். ஆனால் முதலிலிருந்து கேட்டால்தான் என் பக்கத்து நியாயம் புரியும்.

மாப்பிள்ளை என்பதெல்லாம் பிற்பாடு வந்தது. அதற்கு முன்பே அவன் என் கூட்டாளி. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். நான் கண்ணாடிக் கடை வைத்தேன், அவன் போர்டு எழுதப் போனான். வருகிற வழியில் நீங்கள் பார்த்த பெயர்ப் பலகைகளில் பாதி அவன் கைவேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் இரண்டு பேரும் பழைய செங்கல் சூளைக்குப் போய்விடுவோம். அங்கே ஒரு ஷெட் பிடித்திருந்தோம். ராக்கெட் செய்வோம். விற்பதற்கு இல்லை, சும்மா ஒரு ஆசைக்கு. சிலர் தூண்டிலை எடுத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போவதில்லையா, அதுபோல.

காகிதக் குழாய் சுற்றுவது என் பொறுப்பு. குச்சி அவனுடையது. ராக்கெட்டை விரல்மேல் வைத்தால் இரண்டு பக்கமும் சாயாமல் நிற்க வேண்டும், நிற்கிறவரை குச்சியைச் சீவிக்கொண்டே இருப்பான். கடைசியில் ஒவ்வொன்றின் கழுத்திலும் மெல்லிய தூரிகையால் ஒரு சிவப்புக் கோடு இழுப்பான். ஸ்கேல் வைத்தது மாதிரி இருக்கும். பறக்கும்போது இது எவன் கண்ணுக்குத் தெரியப்போகிறது என்று கேட்டால், "நமக்குத் தெரியும்ல மச்சான்" என்பான். அந்த 'நமக்கு' எனக்குப் பிடிக்கும்.

என் தங்கையை அவனுக்குக் கட்டிவைத்ததும் நான்தான். அவளுக்கு நல்ல நல்ல இடங்கள் வந்தன, எல்லாம் வெளியூர். அவனுக்கும் வெளியில் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருத்தி வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகள் என்ன ஆகும் என்று யோசித்தேன். வீட்டுப் பெண் என்றால் பிரச்சினை இல்லை. தங்கையைக் கேட்டேனா என்கிறீர்களா? அப்போதெல்லாம் அவள் என்னை எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை.

ஷெட்டுக்குப் போயிருந்தீர்களென்றால் கதவுக்கு மேலே சிவப்பு எழுத்தைப் பார்த்திருப்பீர்கள். 'நனைந்ததை உலர்த்தாதே.' அவன் எழுதியது. ஒருமுறை கூரை ஒழுகி ஒரு ராக்கெட் நனைந்துபோனது. வெயிலில் காயவைத்து ஏற்றிப் பார்த்தோம். நனைந்தது காயும்போது உள்ளுக்குள் விரிசல் விட்டுவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. அது மேலே போகவில்லை, நின்ற இடத்திலேயே வெடித்தது. ஊன்றி வைத்திருந்த இரும்புக் குழாய் பழத்தோல் மாதிரி உரிந்துகிடந்தது. நாங்கள் வழக்கம்போல் மண்சுவருக்குப் பின்னால் நின்றதால் தப்பித்தோம். அன்றைக்கே அவன் பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டான். இரண்டு பேருக்கும் தடித்த கண்ணாடி ஒன்று செய்தேன் நான், முகத்தோடு ஒட்டி உட்காருவது. அதைப் போடாமல் திரி பக்கம் போகக் கூடாது என்று பேச்சு.

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது சார். பிறகு குழந்தை பிறந்தது.

பெண் குழந்தை. எனக்கும் சந்தோஷம்தான், மருமகள் இல்லையா. ஆனால் ஒரு ஞாயிறு பாப்பாவுக்குக் காய்ச்சல் என்றான். அடுத்த ஞாயிறு தடுப்பூசி என்றான். நான் தனியாகப் போய்க் குழாய் சுற்றி வைத்துவிட்டு வருவேன். ஒருநாள் போகிறேன், அலமாரி காலி. மூலையில் இருந்த தண்ணீர் டிரம்மில் எங்கள் ராக்கெட் அத்தனையும் மிதந்துகொண்டிருந்தன. முறைப்படிதான் செய்திருந்தான், வேண்டாததை அழிக்கிறது அப்படித்தான். காகிதமெல்லாம் ஊறிப் பிரிந்து, சிவப்புக் கோடுகள் கரைந்து, தண்ணீரே லேசாகச் சிவந்திருந்தது. முதல் நாளே வந்து, எனக்குத் தெரியாமல், ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே போட்டிருக்கிறான்.

நேராக வீட்டுக்குப் போனேன்.

"என்ன மாப்ள இது?"

"சொல்லணும்னுதான் இருந்தேன் மச்சான். பாப்பா பொறந்ததுலேர்ந்து அங்க போனாலே கை நடுங்குது. போதும்னு தோணிடுச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ விடமாட்டே."

தங்கை குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வந்தாள். "நான்தாண்ணே செய்யச் சொன்னேன். உனக்கு அது பொழுதுபோக்கு. எனக்கு இவர் ஒருத்தர்தான் இருக்கார்."

எனக்கும் அவன் ஒருத்தன்தான் என்று நான் சொல்லவில்லை. காபி கொடுத்தாள், குடித்துவிட்டு வந்தேன். கோபம்கூட வரவில்லை சார். வீடு தேடி எவனாவது திருடன் வந்து அடித்து நொறுக்கியிருந்தால் தாங்கியிருப்பேன். இது என் கூட்டாளி. கூடவே இருந்து என் முதுகில் குத்தியிருக்கிறான், அதற்கு என் தங்கையே கத்தி எடுத்துக் கொடுத்திருக்கிறாள். துரோகம் என்பது பெரிய வார்த்தைதான். வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

திரும்பிப் போய் டிரம்மில் கையை விட்டேன். ஒன்று மட்டும் உருக்குலையாமல் இருந்தது. இந்தக் கடை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அது காய்ந்தது. மேல் காகிதம் உரிந்துபோயிருந்ததால் பழைய எழுத்து அட்டையை, எழுத்து உள்பக்கம் வருகிற மாதிரி சுற்றி ஒட்டி, மேலே வெள்ளை அடித்தேன். சிவப்புக் கோட்டையும் நானே போட்டேன். என்ன இருந்தாலும் அவன் கை எனக்கு வராது, கொஞ்சம் வளைந்துவிட்டது.

"கடையில ஒண்ணு கிடந்துச்சு மாப்ள, நனையாதது. இதோட முடிச்சுக்கலாம்" என்றேன். அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் பேசாமல் இருந்ததில் அவனுக்கு மனசு கேட்காமல் இருந்திருக்கிறது. அன்று சாயங்காலமே வந்துவிட்டான். ராக்கெட்டை வாங்கி விரல்மேல் வைத்துப் பார்த்தான். கண்ணுக்கு அருகில் கொண்டுபோனான்.

"கோடு கோணலா இருக்கே மச்சான். நானா போட்டேன்?"

"உனக்குத்தான் கை நடுங்குதுன்னியே."

"அதுவும் சரிதான்" என்று சிரித்தான்.

அவன்தான் பற்றவைத்தான். நான் மண்சுவருக்குப் பின்னால் நின்றேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. ஒரு அதட்டல் போடுவது மாதிரிதான் நினைத்தேன். நினைத்த அளவுக்கு மோசமாகவும் ஆகவில்லை. கை கால் நன்றாக இருக்கிறது. முகத்துக் காயமும் ஆறிவிட்டது. பார்வை மட்டும்தான். தங்கை இப்போது துணிக்கடையில் வேலைக்குப் போகிறாள், குழந்தையைப் பக்கத்து வீட்டில் விடுகிறாள். காலையில் நான் போய் அவனைக் கைப்பிடித்துக் கூட்டிவருவேன், இருட்டுவதற்குள் கொண்டுவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை மட்டுமில்லை சார், எல்லா நாளும். அவனுக்குக் கறுப்புக் கண்ணாடி நான்தான் செய்தேன், இருப்பதிலேயே நல்ல ஃப்ரேம். பாப்பாவுக்குப் பல் முளைத்திருக்கிறதாமே, எப்படி இருக்கிறது என்று கேட்டான். அரிசி மாதிரி என்றேன். அதைப் பிடித்துக்கொண்டு அன்று முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தான். சில நாள், "நான்தான் மச்சான் எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன்" என்பான். விடு மாப்ள, நடந்தது நடந்துபோச்சு என்பேன். ஒருநாளும் அவனைக் குறை சொன்னதில்லை.

அந்தத் தடித்த கண்ணாடியா? ஆமாம், அதைப் போட்டிருந்தால் கண் தப்பித்திருக்கும். கேட்டான். ஸ்க்ரூ லூஸாக இருக்கிறது, கடையில் கிடக்கிறது என்றேன். என் சட்டைப் பையில்தான் இருந்தது. சுவருக்குப் பின்னால் ஓடிவரப் பார்த்தவனையும், "கடைசி ராக்கெட்டு மாப்ள, அங்கயே நின்னு பாரு, முழுசாத் தெரியும்" என்று நான்தான் நிறுத்தினேன். நான் சொன்னால் கேட்பான். எப்போதுமே கேட்பான்.

கொஞ்சம் இருங்கள். குறட்டைச் சத்தம் நின்றிருக்கிறது. எப்போது நின்றது, நீங்கள் கவனித்தீர்களா?

"என்ன மாப்ள, முழிச்சிட்டியா? தண்ணி வேணுமா?"

"அந்தக் கோடு நீ போட்டதா?"

"ஆமா மாப்ள."

எழுந்து வெளியே வருகிறான், பாருங்கள் சார். "பாத்து மாப்ள, அங்க ஃப்ரேம் ஸ்டாண்டு இருக்கு." பரவாயில்லை, விழுந்தால் எடுத்து வைத்துக்கொள்ளலாம். கண்ணாடி அலமாரியைத் தடவிக்கொண்டே போனால் வாசல் வந்துவிடும், அவனுக்குத் தெரியும். "படி இருக்கு மாப்ள. மாப்ள, படி."

நீங்கள் ஏன் சார் எழுந்திருக்கிறீர்கள்? உட்காருங்கள். தெருமுனை வரைக்கும்தான் போவான், அதற்கப்புறம் வழி தெரியாது, நின்றுவிடுவான். நான் போய்க் கூட்டிவருகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் கோபம் ஆறிவிடும். என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்?