இடுப்போடு நின்ற கால்

இந்தக் கராத்தே பெல்ட் வழங்கும் விழாவுக்குத் தலைமை தாங்குவதோடு, தமது தேங்காய்க் கொப்பரை உலர்த்தும் களத்தையே பந்தலாக்கித் தந்திருக்கும் பெரியவர் அப்துல் ஹமீது அவர்களே! பேராவூரணியின் பெருமக்களே! வெள்ளைச் சீருடை வெளுத்து வெளுத்தே தோள் வலுத்த தாய்மார்களே! கால் தூக்கக் கற்றுத்தரும் கராத்தே மாஸ்டர் சாமிதுரை அவர்களே! மேடையோரம் நிற்கும் ஹமீது பாயின் தள்ளுவண்டியே! வண்டிக்குமா வணக்கம் என்று சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. அனைவருக்கும் வணக்கம்.

'உதையின் உயர்வு' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். உயர உதைப்பதுதான் உதையா? உச்சியைத் தொடுவதுதான் உறுதியா? உயரம்தான் வலிமை என்றால் இந்த ஊரின் மாவீரன் தென்னை உச்சியில் உட்கார்ந்திருக்கும் அணில் அல்லவா?

என்ன தம்பி? "நீங்க உதைச்சுக் காட்டுங்க" என்கிறீர்களா? நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள். உதைத்துக் காட்டினால் என்னைத் தூக்கிக்கொண்டு பட்டுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஓடப்போவது நீங்கள்தான்.

நம் மாஸ்டர் ஆறாண்டு சிங்கப்பூரில் கப்பல் கட்டும் தளத்தில் உழைத்துத் திரும்பியவர். மற்றவர்கள் தங்கம் கொண்டுவந்தார்கள். இவர் பெட்டி நிறைய வீடியோ கேசட் கொண்டுவந்தார். அதில் கதாநாயகன் காலைத் தூக்கினால் வில்லனின் தொப்பி பறக்கும். அதைப் பார்த்து மாஸ்டர் ஒரு சட்டம் இயற்றினார். இரண்டு மூங்கிலுக்கு நடுவே தலையுயரத்தில் ஒரு சிவப்பு ரிப்பன். கால் அதைத் தொட்டால் பிளாக் பெல்ட். தொடாவிட்டால் வீட்டுக்குப் போய் மாவாட்டலாம்.

அந்த ரிப்பனில் சிக்கியவர், அதோ மூன்றாம் வரிசை ஓரத்தில் இருக்கும் அமலோற்பவம். கடைத்தெருவில் தையல் கடை வைத்திருப்பவர், மாஸ்டரிடம் கராத்தே பழகுகிறவர். கணவர் மஸ்கட்டில். பதினெட்டு ஆண்டு தையல் மெஷின் மிதித்த கால் அவருடையது. இங்கே புதிதாகத் திறந்திருக்கும் மெட்ரிகுலேஷன் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லித்தர ஆள் தேடுகிறார்கள். பிளாக் பெல்ட் இருந்தால் ஜூன் மாதம் வேலை. இல்லையென்றால் வேறு ஆள். இரண்டு முறை தேர்வுக்கு நின்றார். இரண்டு முறையும் கால் இடுப்போடு நின்றது. இரண்டு முறையும் தோல்வி.

ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போனபோதுதான் எனக்கு இது தெரிந்தது. வாயில் ஊசியைக் கவ்வியபடியே சொன்னார்: "டீச்சர், என் கால் மேல போகாதுங்க. ஆனா போற எடத்துக்குச் சும்மா போகாதுங்க."

மாஸ்டரிடம் கேட்டேன். "என்ன மேடம், பிசிக்ஸ் படிச்ச நீங்களே இப்படிக் கேக்குறீங்க? ஒசரத்துலேருந்து விழுந்தாத்தானே அடி பலமா இருக்கும்?" என்றார்.

"அப்படி விழுறது தேங்காய், மாஸ்டர். உங்க கால் விழல, ஏறுது" என்றேன்.

பேசித் தீராது என்று போன ஞாயிற்றுக்கிழமை இதே களத்தில் ஒரு சோதனை வைத்தோம். இந்தத் தள்ளுவண்டியில் நாலு கொப்பரை மூட்டை ஏற்றினோம். பின்பக்கம் ஆளுயரப் பலகையை நிறுத்திக் கட்டி, அதன்மேல் தேங்காய் நாரைப் பொதிந்தோம். உதைத்தால் வண்டி எத்தனை சாண் உருளும்? அவ்வளவுதான் கேள்வி.

மாஸ்டர் தலையுயரத்தில் உதைத்தார். அழகென்றால் அப்படியோர் அழகு! வண்டி ஒரு சாண் முன்னே போயிற்று. மாஸ்டர் இரண்டு சாண் பின்னே வந்தார். அதே மாஸ்டர் இடுப்புயரத்தில் உதைத்தார். ஐந்து சாண்!

அடுத்து அமலோற்பவம். கத்தவில்லை, கையை முறுக்கவில்லை. இடுப்புயரத்தில் ஒன்று விட்டார். ஏழு சாண்! ஹமீது பாய் பதறி எழுந்துவிட்டார்: "யம்மா, வண்டிய விட்டுடும்மா, நாளைக்கு லோடு இருக்கு!"

மாஸ்டர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். "எண்ணெய் போட்டிருக்கீங்க பாய்."

"நீங்க ஒதைச்சப்பவும் அதே எண்ணெய்தான் மாஸ்டர்" என்றார் அமலோற்பவம்.

ஏன் இப்படி? கால் ஏற ஏற, பலத்தில் ஒரு பங்கு ஏற்றத்துக்கே செலவாகிறது. தொடைத் தசை பின்னால் இழுக்கிறது. ஊன்றிய கால் ஆடுகிறது. உடம்பு சாய்கிறது. இடுப்புயரத்திலோ உடம்பின் எடை முழுதும் உதையோடு சேர்ந்து போகிறது. உயர உதைப்பது வீண் என்று நான் சொல்லவில்லை. தலைக்குச் சிறு அடியும் பேரடிதான். பல்லாண்டு பழகியவர்கள் உயரத்திலும் ஓங்கி உதைப்பார்கள். ஒரு வண்டி, இரண்டு பேர், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவற்றை வைத்து உலகத்துக்குச் சட்டம் எழுதமாட்டேன். ஒரு ரிப்பனை வைத்து மாஸ்டர் எழுதியிருக்கிறாரே, அதைத்தான் கேட்கிறேன்!

நெரிசல் பஸ்ஸில் உரசுகிறவனை உதைக்கத் தலையுயரத்துக்குக் கால் தூக்க இடமிருக்கிறதா? அவன் முழங்கால் என்ன, பரணிலா இருக்கிறது?

தாய்மார்கள் பக்கம் கைதட்டல் பலமாக இருக்கிறது. ஆண்கள் பக்கம் ஏன் இத்தனை அமைதி?

இதோ, பெல்ட் வாங்குவோர் பட்டியல் என் கையில் இருக்கிறது. மூன்று பெயர். அமலோற்பவம் இல்லை. இந்தப் பட்டியலை நான் எப்படி வாசிப்பேன்? ஏழு சாண் உருண்ட வண்டியை அதே மூட்டை, பலகையோடு பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, எந்த வாயால் வாசிப்பேன்?

மாஸ்டர் எழுந்துவிட்டார். கோபமா மாஸ்டர்? இல்லை... மூங்கிலிடம் போகிறார். ரிப்பனை அவிழ்க்கிறார். வண்டிக்கு முன்னால் சாண் போட்டு அளக்கிறார். ரிப்பனைத் தரையில் விரிக்கிறார். என்ன சொல்கிறீர்கள்? மைக் இங்கே இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன்: "ஆறு சாண். வண்டி ரிப்பனத் தாண்டிட்டா பெல்ட்டு. அக்கா, வாங்க."

அமலோற்பவம் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறார். 'பேச்சை முடிக்கவும்' என்று எனக்குச் சீட்டும் வந்துவிட்டது. முடித்துவிடுகிறேன். இனி நான் பேசி என்ன ஆகப்போகிறது? களம் தந்தவருக்கும், காது தந்தவர்களுக்கும், அளந்து பார்க்கத் துணிந்த மாஸ்டருக்கும் நன்றி, வணக்கம்.

வண்டிக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும் தயவுசெய்து எழுந்து நகர்ந்துகொள்ளுங்கள். ஆறு சாண் போதாது, இன்னும் கொஞ்சம் தள்ளி.