மூவரின் தேதியைத் திருத்திய எங்கள் அக்காவுக்கு

முப்பத்தொரு ஆண்டுகள் இச்சாயத் தொழிலகத்தின் ஏடுகளைக் காத்த எழுத்தரசியே! கோப்புகளின் காவலரே! கோபத்திலும் கொடுஞ்சொல் அறியாத குணவதியே! பணியாளர் பிரிவின் தலைவியாய் இருந்தும், எங்கள் அனைவருக்கும் அக்காவாகவே வாழ்ந்தவரே! வணக்கம்.

வாயிலுக்குள் நுழைய உங்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே வாயிலுக்கு எதிரே, தேநீர்க் கடையின் பின்னறையில், பால் கேன்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு இம்மடலை வாசிக்கிறோம். மேடை இல்லை, மேலாளரும் இல்லை. “என்னைப் புகழ்ந்து பொய் எழுதாதீங்கப்பா, நடந்ததை எழுதுங்க” என்று கேட்டுக்கொண்டீர்கள். நடந்ததையே எழுதினோம்.

கொள்முதல், இருப்பு, வருகை, சம்பளம் எல்லாவற்றையும் ஒரே மேகக்கணினி மென்பொருளுக்கு மாற்ற நிர்வாகம் சென்ற ஆண்டு முடிவெடுத்தது. மாற்றுவதற்கு முன் பழைய தகவல்களைச் சரிபார்த்துத் திருத்த வேண்டும் என்றார்கள். அந்தச் சுமை உங்கள் தலையில் விழுந்தது. ஒரே ஆளுக்கு மூன்று எண்கள். ஒரே எண்ணுக்கு இரண்டு ஆட்கள். பிறப்பதற்கு முன்பே வேலையில் சேர்ந்துவிட்ட ஒரு புண்ணியவான்! தூசியில் தும்மித் தும்மிப் பத்து மாதம் அத்தனையையும் நேர் செய்தீர்கள். கணினி என்றாலே காத தூரம் ஓடிய எங்களைப் பிடித்து உட்கார வைத்து, “தப்பா அழுத்தினா கை ஒண்ணும் சுடாது, அழுத்துங்க” என்று பழக்கினீர்கள்.

ஒத்திகை நாளில் ஆறாயிரம் பதிவுகளை மென்பொருள் ஏற்றுக்கொண்டது. மூன்றை மட்டும் திருப்பித் தள்ளியது. ‘விலகிய தேதிக்குப் பிறகும் வருகை பதிவாகியுள்ளது’ என்று திரையில் சிவப்பாக மூன்று வரிகள். மென்பொருள் ஆலோசகர் எட்டிப் பார்த்தார்.

“சின்ன விஷயம் மேடம். அந்த ரெண்டு நாள் வருகையை அழிச்சிடுங்க. தானா உள்ளே போயிடும்.”

நீங்கள் அழிக்கவில்லை. அந்த மூன்று பெயர்களும் யாருடையவை என்று உங்களுக்குத் தெரியும்.

இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன், சாயக்கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறக்கப்பட்ட மூவர் நச்சுக்காற்றில் மூச்சடைத்து மாண்டார்கள். முகமூடி இல்லை, இடுப்பில் கட்டக் கயிறு இல்லை. அன்று மாலையே அப்போதைய மேலாளர் உங்களை அழைத்து, அவர்கள் இரண்டு நாள் முன்பே வேலையை விட்டு நின்றுவிட்டதாக எழுதச் சொன்னார். அப்போது உங்களுக்கு ஐந்தே ஆண்டுப் பணி, இடுப்பில் கைக்குழந்தை. எழுதினீர்கள். பித்தளைக் குழாய்களைத் திருட வந்தவர்கள் தவறி விழுந்தார்கள் என்று ஊர் பேசியது. எங்களில் மூத்தவர்களுக்கு உண்மை தெரியும். நாங்களும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். இதை ஒப்புக்கொள்ளாமல் உங்களை வாழ்த்த எங்களுக்கு நா எழாது.

ஒத்திகைக்கு மறுநாள் காலை இப்போதைய மேலாளரின் அறைக்குப் போனீர்கள். கதவு திறந்தே இருந்ததால் எங்கள் காதிலும் விழுந்தது.

“சார், வருகையை அழிக்கக் கூடாது. விலகின தேதிதான் பொய். அதை எழுதினது நான்.”

“இருபத்தாறு வருஷம் ஆச்சு மேடம். இன்னும் ரெண்டு மாசத்துல ரிட்டயர் ஆகப் போறீங்க. எதுக்கு இந்த வேண்டாத வேலை?”

“ரெண்டு மாசம்தான் இருக்கு சார். அதனாலதான்.”

இருக்கைக்குத் திரும்பி, மூன்று பெயர்களுக்கும் உண்மைத் தேதியை இட்டீர்கள். காரணம் கேட்ட கட்டத்தில் ‘பணியின்போது மரணம்’ என்று பதித்தீர்கள். பழைய வருகைப் பதிவேட்டின் பக்கத்தையும் படமெடுத்து இணைத்தீர்கள். மேலாளர் ஆலோசகரைக் கூப்பிட்டு உடனே மாற்றச் சொன்னார்.

“மாத்தலாம் சார். ஆனா யார் மாத்தினாங்கன்னு பேரும் நேரமும் அப்படியே நிக்கும். உங்க பேர்ல மாத்தட்டுமா?”

பேரேடாக இருந்தால் ஒரு பக்கத்தைக் கிழித்து எறிந்திருப்பார்கள். இதில் தம் பெயரைத் தர மேலாளர் துணியவில்லை. பதிவு நின்றது. நீங்களோ அதன் நகலையும், உங்கள் குற்றத்தை உங்கள் கைப்பட எழுதிய கடிதத்தையும் தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்தீர்கள். அடுத்த நாளே உங்களைப் பணியிடை நீக்கம் செய்தார்கள்.

அதோடு நீங்கள் நிற்கவில்லை. மூன்று வீடுகளையும் தேடிப் போனீர்கள். முதல் குடும்பம் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டாம் வீட்டில் இறந்தவரின் தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். மூன்றாம் வீட்டில் மகள் இருந்தாள்.

“அம்மா போய் ஏழு மாசம் ஆகுது. ‘உங்கப்பா திருடப் போகலை’ன்னு சாகிற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாங்க. பெத்த பிள்ளைங்க நாங்களே நம்பலை.”

பிறகு, “உங்களை மன்னிக்க எனக்கு மனசு வரலை” என்றாள். ஆனால் நீங்கள் நீட்டிய நகலை வாங்கிக்கொண்டாள். “இதுல எங்கப்பா பேர் எங்கே இருக்கு?” என்று கேட்டாள். நீங்கள் விரல் வைத்துக் காட்டினீர்கள்.

திரும்பி வந்து இதை எங்களிடம் சொன்னபோது நீங்கள் அழவில்லை. எங்களுக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

அக்கா! நீங்கள் குற்றமற்றவர் என்று இம்மடல் சொல்லாது. சொன்னால் நீங்களே இதைக் கிழித்துப் போடுவீர்கள். செய்த தவற்றைத் தம் பெயரோடு ஏட்டில் ஏற்றிய நெஞ்சுரத்தையே தலைவணங்கிப் போற்றுகிறோம். இன்று உங்கள் வயது ஓய்வைத் தொட்டது. ஓய்வு ஆணை மட்டும் வரவில்லை. எது வந்தாலும் வராவிட்டாலும், தெளிந்த கண்ணும் திடமான உடலும், இனியாவது நிம்மதியான உறக்கமும் வாய்த்து நீங்கள் நெடுங்காலம் எங்களோடு இருக்க வேண்டும்.

அடுத்த மாதம் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. நீங்கள் தனியாகப் போக வேண்டாம். தொட்டியில் இறங்கிய அன்று காலை அம்மூவரும் கயிறு கேட்டு வந்தபோது, “இருப்பு இல்லை, நாளைக்கு வாங்க” என்று திருப்பி அனுப்பிய கிடங்குக் காப்பாளரும் சாட்சி சொல்ல உங்களோடு வருகிறார். இதன் கீழே முதல் கையெழுத்து அவருடையது.

இங்ஙனம்,
கிடங்குக் காப்பாளரும்
உங்கள் சக பணியாளர் பதின்மரும்