ஒயரைப் பிடுங்க விடாத பெண்

"அந்தப் பொண்ணு என் கையைப் புடிச்சுக்கிட்டா. ஒயரப் புடுங்க உடவே இல்ல."

நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் பேருந்தில், முன்னிருக்கையில் இருந்த அம்மாள் பக்கத்துப் பெண்ணிடம் இப்படிச் சொன்னதும் என் காது அங்கே போய்விட்டது.

"ஏனுங்கக்கா, எந்த ஒயரு?"

"மக கல்யாண வீடியோவ மாத்துன புது ஹார்டு டிஸ்க்கு ஒயருதான். வீடியோ இருந்த பழைய டிஸ்க்கு ஊட்டுக் கம்ப்யூட்டர்ல தொறக்கல. கம்ப்யூட்டர் கடையில அந்தப் பொண்ணு விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸுன்னு வேற ஒண்ணு வெச்சிருக்கா. ஓடிட்டிருந்த கம்ப்யூட்டர்லயே சொருகினா, எல்லாம் வந்துருச்சு. அப்படியே அந்தப் புது டிஸ்க்குக்கு மாத்தினா."

"அப்பறம் எதுக்குக் கையைப் புடிச்சா?"

"முடிஞ்சுதுன்னு திரையில வந்துருச்சு. வெளிய பஸ்ஸுக்காரன் ஆரன் அடிக்கறான். நான் அவசரத்துல புது டிஸ்க்கு ஒயர உருவப் போனேன். 'இருங்கம்மா, திரையிலதான் முடிஞ்சிருக்கு, டிஸ்க்குக்குள்ள இன்னும் எழுதிட்டிருக்கு. இப்பப் புடுங்குனா பாதி போயிரும்'னா. என்னமோ டைப் அடிச்சுட்டுக் காத்திருந்தா. அப்பறந்தான் 'இப்ப எடுங்க'ன்னா. கம்ப்யூட்டர அணைக்கக்கூட இல்ல, சாமி. எத்தன கெட்டிக்காரி!"

"பஸ்ஸு?"

"போயிருச்சு. போனாப் போவுது."

"வீடியோ வந்துச்சுங்களா?"

"முழுசா வந்துச்சு. எங்கூட்டுக்காரரு, போன வருசம் தவறிப்போன மனுசன், பந்தி வாசல்ல நின்னுக்கிட்டு ஒவ்வொருத்தரையா மறிச்சு, 'சாப்புட்டுட்டுத்தான் போவோணும்'ங்கறாரு. நாலு தடவ போட்டுப் பாத்தேன்."

பக்கத்துப் பெண் மெதுவாகச் சொன்னாள்.

"நாளைக்கு ஊட்டுக்கு வாரேனுங்கக்கா. அண்ணன நானும் பாக்கோணும்."